மழைக்காலச் சளிக்காய்ச்சலும் பணியிடத் தூய்மையும்: கேள்வி பதில்

பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதார ஆய்வாளராக 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்தில் அலுவலகங்களையும் தொழிற்கூடங்களையும் பொது இடங்களையும் எப்படித் தூய்மையாக வைத்திருப்பது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நாட்டின் பல நகரங்களில் ஃபுளூ காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையோடு ஏறுகிறது. சென்னை, வேலூர்ப் பக்கத்தில் அது வடகிழக்குப் பருவமழையோடு ஐப்பசி, கார்த்திகையில் ஏறுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே நம் ஆயத்தம் புரட்டாசியிலேயே தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி (அலுவலக நிர்வாகி, கோவை): மாதம் ஒரு முறை ஆள் வைத்து அலுவலகம் முழுவதும் கிருமிநாசினி தெளிக்கிறோம். இருந்தும் மழை பிடித்தவுடன் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். மருந்தை மாற்ற வேண்டுமா ஐயா?

பதில்: மாற்ற வேண்டியது மருந்தை அன்று, முறையை. ஃபுளூ நச்சுயிரி (வைரஸ்) எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புகளில் 24 முதல் 48 மணி நேரம் வரையும், துணியிலும் தாளிலும் 8 முதல் 12 மணி நேரம் வரையும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. நீங்கள் 1-ஆம் தேதி தெளித்துவிட்டுப் போன அறைக்குள் 2-ஆம் தேதி ஒருவர் தும்மிய கையோடு கதவைத் திறந்தால், முதல் நாள் செலவழித்த பணத்தால் ஒரு பயனும் இல்லை. 2020 ஏப்ரலில் திருப்பூரில் சந்தை வாசலில் ஆட்களின் மேலேயே கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கம் அமைத்தார்கள். பிறகு அந்த முறையே வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. தெளிப்பது கண்ணுக்குப் பெரிய வேலையாகத் தெரியும். துடைப்பதுதான் வேலை செய்யும்.

ஒரு நாள் காலை அலுவலகம் திறந்ததிலிருந்து ஒரு மணி நேரம் ஓர் ஓரமாக உட்கார்ந்து, எல்லாருடைய கையும் எங்கெங்கே போகிறது என்று பாருங்கள். கதவுக் கைப்பிடி, மின்தூக்கிப் பொத்தான், விளக்குச் சுவிட்ச், தண்ணீர்க் கேனின் குழாய், தேநீர்ப் பிளாஸ்கின் மூடி, ஏசி ரிமோட், எல்லாரும் வாங்கிக் கையெழுத்துப் போடும் அந்த ஒரே பேனா என்று பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குள் அடங்கிவிடும். அவற்றை நாளுக்கு இரண்டு வேளை துடைத்தால் போதும். மாதம் ஒரு முறை சுவருக்குத் தெளிப்பதைவிட அது பல மடங்கு மேல்.

கேள்வி (பள்ளித் தலைமையாசிரியை, விழுப்புரம்): பிளீச்சிங் பவுடரை எந்த அளவில் கலக்க வேண்டும்? எங்கள் பள்ளியில் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

பதில்: நல்ல பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 விழுக்காடு குளோரின் இருக்கும். 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு 30 கிராம் போட்டால் 0.1 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். மேசை, கைப்பிடி, கழிப்பறைக் கதவு ஆகியவற்றுக்கு இது போதும். ஒரு முறை மளிகைக் கடைத் தராசில் 30 கிராம் நிறுத்து, அது ஒரு பழைய டம்ளரில் எந்த உயரம் வருகிறதோ அங்கே ஆணியால் கீறி வைத்துவிடுங்கள். பிறகு யாருக்கும் கணக்குத் தேவைப்படாது. முதலில் சிறிது தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றைய கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். வெயிலிலும் நேரத்திலும் குளோரின் பறந்துவிடும். மூட்டை திறந்து கிடந்து, பவுடர் ஈரம் கோத்துக் கட்டி கட்டியாகி, மூக்கைத் துளைக்கும் நெடியும் போய்விட்டதென்றால் அதில் இருப்பது பெரும்பாலும் வெறும் சுண்ணாம்புதான்.

இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. அழுக்கும் சளியும் படிந்த இடத்தில் நேராகக் குளோரினை ஊற்றினால் அதன் ஆற்றல் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும் என்பதால், முதலில் சோப்பு நீரால் கழுவிவிட்டு அதன் பிறகே கரைசலால் துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, உலோகமாக இருந்தால் துருப்பிடிக்காமல் இருக்க நல்ல தண்ணீரால் ஒரு முறை துடைத்து எடுக்க வேண்டும். அடுத்தது உயிர் காக்கும் செய்தி: பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பணிக்காலத்தில் ஒரு கழிப்பறையில், "இரண்டும் போட்டால் பளிச்சென்று ஆகும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கலந்துவிட்ட ஒரு பெண், கண்ணீர் வழிய, மூச்சு இழுக்க முடியாமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். அந்த அம்மாவிடம் அதற்கு முன் ஒருவரும் இதைச் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பொருள்களையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

கேள்வி (மென்பொருள் பணியாளர், சென்னை): எங்கள் அறையில் ஏசி ஓடுவதால் காற்று மாறிக்கொண்டேதானே இருக்கும்? சன்னலைத் திறக்கச் சொன்னால் மேலாளர் மறுக்கிறார்.

பதில்: சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை, அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிரச் செய்து திரும்ப விடுகிறது. ஒருவர் இருமியது அறை முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓர் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது. அறையில் 20 பேர் இருந்தால் நொடிக்கு 200 லிட்டர். மூடிய அறைக்கு அது எங்கிருந்து வரும்? ஏசி ஓடும்போதே எதிரெதிர்ச் சன்னல்களை ஒரு சாண் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் வெளியேற்றும் விசிறி இருந்தால் இன்னும் நல்லது. மின்கட்டணம் கூடத்தான் செய்யும். பத்துப் பேர் நான்கு நாள் விடுப்பில் போவதற்கு ஆகும் செலவையும் உங்கள் மேலாளர் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும். கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கி மேசையில் வைத்தால் வாதத்துக்கே இடமிருக்காது. திறந்த வெளியில் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும் அந்தக் கருவி, மூடிய கூட்ட அறையில் 1000-ஐத் தாண்டினால் நீங்கள் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி (பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்): கை கழுவும் இடம், சோப்பு, முகக்கவசம் எல்லாம் வைத்திருக்கிறோம். காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் விடுப்புக் கொடுத்தால் ஏற்றுமதித் தேதி தவறிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: வந்த கேள்விகளிலேயே நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது இதுதான். ஃபுளூ தொற்றியவர் தமக்கு அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே மற்றவர்களுக்குப் பரப்பத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் வரை பரப்பக்கூடியவர். அதிலும் காய்ச்சல் கண்ட முதல் மூன்று நான்கு நாள்களில்தான் மிகுதியாகப் பரப்புவார். அந்த நாள்களில் அவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பொறுத்தே உங்கள் உற்பத்தியும் இருக்கிறது.

நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். காலை எட்டரை மணிக்கு ஒரு தங்கை வருகிறாள். கண் சிவந்திருக்கிறது, குரல் கம்மியிருக்கிறது. பையிலிருந்து ஒரு பாராசிட்டமால் மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டுத் தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறாள். மாத்திரை சூட்டை இறக்குமே தவிர, தொற்றை நிறுத்தாது. அவள் தைத்த துண்டு அடுத்த இயந்திரத்துக்குப் போகிறது, முன்னால் இரண்டடியில் ஒருத்தி, பக்கத்தில் ஒருத்தி. வெள்ளிக்கிழமைக்குள் அந்த வரிசையில் ஏழெட்டு இயந்திரங்கள் ஆளில்லாமல் நின்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் ஏன் வந்தாள் என்றால், வராவிட்டால் கூலி இல்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில், நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பது உண்மைதான்; ஆனால் நோயின் முதல் இரண்டு நாள்களுக்கு அந்த உதவி பொதுவாகக் கிடையாது. தொற்று மிகுதியாகப் பரவும் இரண்டு நாள்கள் எவையோ, அவையே கூலியில்லாத இரண்டு நாள்களாகவும் இருக்கின்றன. அந்த இரண்டு நாள் கூலியை நிறுவனமே கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதுதான் நான் அறிந்தவரை மிகச் சிறந்த கிருமிநாசினி. முதலாளியிடம் இதைத் தருமமாகக் கேட்க வேண்டாம். கணக்காகவே எடுத்துச் சொல்லுங்கள். மாத்திரை போடாமல் 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால் திரும்பி வரலாம் என்று வாயிலில் எழுதி ஒட்டுங்கள். இருமல் மட்டும் மீந்திருந்தால் முகக்கவசத்தோடு வேலை செய்யட்டும்.

கேள்வி (வங்கிக் காசாளர், மதுரை): நாள் முழுவதும் ரூபாய் நோட்டு எண்ணுகிறேன். தொற்று வருமா?

பதில்: நோட்டைவிட, எச்சில் தொட்டு எண்ணும் பழக்கமே எனக்குக் கவலை தருகிறது. பேருந்தில் பயணச்சீட்டுக் கிழிப்பவர், நூலகத்தில் பக்கம் புரட்டுபவர், கடையில் தாள் பை பிரிப்பவர் எல்லாருக்கும் இது சேர்த்துச் சொல்வது: நூறு பேர் தொட்ட தாளைத் தொட்ட விரல் நேராக நாக்குக்குப் போகிறது, நாக்கிலிருந்து அடுத்தவருக்குக் கொடுக்கும் தாளுக்கு வருகிறது. ஈரப் பஞ்சு வைத்த சிறு டப்பா சில ரூபாய்தான். அந்தப் பஞ்சையும் நாள்தோறும் கழுவிக் காய வைக்க வேண்டும். கையில் ஃபுளூ நச்சுயிரி ஐந்து நிமிடம் அளவில்தான் தாக்குப்பிடிக்கும். ஆனால் நாம் முகத்தைத் தொடாமல் ஐந்து நிமிடம் இருப்பதில்லை.

கேள்வி: சாம்பிராணி, வேப்பிலைப் புகை போட்டால் போதாதா?

பதில்: போதாது. மணம் வரும், கொசு சற்று விலகும். இருமலும் ஆஸ்துமாவும் உள்ளவர் இருக்கும் அறையில் புகை போடாதீர்கள்.

கேள்வி (அரசு அலுவலர், தஞ்சாவூர்): விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவியை என்ன செய்வது? சானிடைசர் வைத்தால் போதுமா?

பதில்: 2020 மார்ச்சில் நடுவண் அரசு அலுவலகங்களில் அந்தக் கருவியையே நிறுத்தி வைத்தார்கள். நிறுத்த இயலாத இடத்தில், பதிவு செய்தபின் கை துடைக்கச் சானிடைசரைக் கருவிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பத்தடி தள்ளி வைத்தால் ஒருவரும் போக மாட்டார்கள். அதில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருக்க வேண்டும். கை நனைய எடுத்து, தானாகக் காயும்வரை 20 நொடியாவது தேய்க்க வேண்டும். ஃபுளூ நச்சுயிரிக்குக் கொழுப்புறை உண்டு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ நச்சுயிரிக்கு அந்த உறை இல்லாததால் அதனிடம் ஆல்கஹால் அவ்வளவாகச் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து கழுவி அனுப்பும். எனவே சானிடைசர், கை கழுவும் தொட்டிக்கு மாற்று ஆகாது.

கேள்வி (திருமண மண்டப மேலாளர், சேலம்): சோப்பு வைத்தால் காணாமல் போகிறது. மாடிப்படி மூலையில் துப்பிவிட்டும் போகிறார்கள்.

பதில்: சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயிலேயே கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது சோப்புத் தூளைத் தண்ணீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பழைய பாட்டிலில் ஊற்றி வையுங்கள், அதை யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே துண்டைத் தொங்கவிடுவதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். ஈரக் கையோடு போவது அதைவிட மேல். துப்புவதைப் பற்றி ஒன்று: 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, துப்பியவருக்கு 5 ரூபாய் வரை அபராதம் என்று சொல்வதற்கு முன்பே, எச்சில் கலங்களைப் போதிய எண்ணிக்கையில் வைத்துத் தூய்மையாகப் பேண வேண்டியது நிர்வாகத்தின் கடமை என்று சொன்னது. அந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது. மூடியுள்ள கலமும் வெளிச்சமும் அந்த மூலைக்கு வரட்டும், பிறகு ஆட்களைக் கண்டிக்கலாம்.

கேள்வி (அங்கன்வாடிப் பணியாளர், அரியலூர்): தடுப்பூசி அவசியமா? ஒரு முறை போட்டால் போதுமா?

பதில்: இந்த நச்சுயிரி மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும், போட்ட பிறகு பலன் வர இரண்டு வாரம் ஆகும். உங்களைப் போலக் குழந்தைகளோடு இருப்பவர்கள், கருவுற்றவர்கள், முதியோர், நீரிழிவும் ஆஸ்துமாவும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதல் நாள் தொற்றைப் பரப்புவார்கள் என்பதால், மூக்கு ஒழுகும் பிள்ளையின் முகத்தைத் துடைத்த துணியால் அடுத்த பிள்ளையைத் துடைக்காதீர்கள்.

கேள்வி (ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், சென்னை): ஐயா, மூன்று மாடிக்கும் நான் ஒருத்திதான். ஒரே மாப்பு, ஒரே வாளி. பவுடர் பட்டுக் கை உரிகிறது. நான் எப்படிச் செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, மற்றவர்களுக்கு நான் எழுதிய பதில்களில் பாதி, கடைசியில் உங்கள் கையில்தான் வந்து சேர்கிறது. கழிப்பறைக்கு ஒரு துணி, மேசைக்கும் கைப்பிடிக்கும் வேறொரு துணி என்று இரண்டு நிறத்தில் கேட்டு வாங்குங்கள். கழிப்பறைத் துணி மேசைக்கு வரவே கூடாது. வாளியும் இரண்டு வேண்டும், ஒன்றில் மருந்துக் கரைசல், மற்றதில் அழுக்கை அலசும் தண்ணீர். தண்ணீர் கலங்கியபின் துடைப்பது அழுக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான். மேல்மாடியிலிருந்து கீழே வாருங்கள், கழிப்பறையைக் கடைசியாகச் செய்யுங்கள். மாப்பை நிமிர்த்தி வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

மூன்று மாடியும் ஒருவரால் ஆகாது என்றால், நான் முதல் பதிலில் சொன்ன பத்துப் பன்னிரண்டு இடங்களை முதலில் முடித்துவிட்டுத் தரைக்குப் போங்கள். தரை ஒரு நாள் விட்டுப்போனால் யாருக்கும் காய்ச்சல் வராது. உங்கள் மேற்பார்வையாளர் கேட்டால் இந்தப் பதிலைக் காட்டுங்கள். வெறுங்கையால் பிளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை வாங்கிக் கொடுப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. உங்கள் கை அளவு பார்த்து வாங்கச் சொல்லுங்கள், பெரிதாக இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கி இன்னும் உரியும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வெடிப்பு ஆறாவிட்டால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்திலோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால், மேலே அந்தத் தையல் தங்கைக்கு நான் கேட்ட அதே இரண்டு நாள் கூலி உங்களுக்கும் உரியது.