சினைப்பன்றிக்கு டானிக் வேண்டாம், புண்ணாக்கை உடைத்துப் பாருங்கள்

கேள்வி: சிமென்ட் தரைக் கொட்டகையில் மூன்று வெண்பன்றி வளர்க்கிறேன். போன ஈற்றில் 11 குட்டி. மூன்று வாரத்துக்குள் 4 வெளுத்துப்போய், கழிந்து, மூச்சு வாங்கிச் செத்துவிட்டன. அதே பன்றி இப்போது 80 நாள் சினை. ஐப்பசியில் மொத்தமாக வாங்கிப் போட்ட கடலைப்புண்ணாக்கு, மக்காச்சோளம், தவிடுதான் தீவனம். இரும்புச்சத்து டானிக் ஐந்து லிட்டர் கேனைக் கடைக்காரர் கொடுத்திருக்கிறார். தினம் எவ்வளவு ஊற்றலாம்? (பாகூர் விவசாயி)

பதில்: ஊற்றவே வேண்டாம். மூடி திறக்கவில்லை என்றால் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாய்க்கு எவ்வளவு இரும்புச்சத்து கொடுத்தாலும் பாலில் ஏறாது. குட்டிக்கு நாளுக்கு 7 மில்லிகிராமாவது வேண்டும். பாலில் கிடைப்பது 1 மில்லிகிராம்தான். மண்ணைக் கிளறித் திரியும் குட்டி மீதியை மண்ணில் எடுத்துக்கொள்ளும். சிமென்ட் தரையில் அதற்கு வழியில்லை. பிறந்த மூன்றாம் நாள் இரும்பு டெக்ஸ்ட்ரான் என்ற இரும்புச்சத்து ஊசி, குட்டிக்கு 200 மில்லிகிராம், கழுத்துத் தசையில் போடச் சொல்லுங்கள். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், பார்த்துப் போட வேண்டும். குட்டியின் காதை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிவப்பு தெரியாமல் மெழுகு மாதிரி இருந்தால் சோகைதான்.

எனக்குக் கவலை அந்தப் புண்ணாக்கு மேல்தான். அடைமழைக் காலத்தில் மூட்டையாகத் தரையில் கிடந்திருக்கிறது. ஒரு கட்டியை எடுத்துக் கையால் உடையுங்கள். உள்ளே பச்சைப்பொடி படிந்திருந்தாலோ, மக்கிய வாடை அடித்தாலோ அந்த மூட்டை முழுவதும் குப்பைக்குழிக்குத்தான். காயவைத்தாலும் வேகவைத்தாலும் பூசண நஞ்சு போகாது. அது தாயின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும், குட்டியின் நோய் எதிர்ப்பைக் குறைக்கும். பன்றிக்கு ஆகாததை மாட்டுக்குப் போடலாம் என்றும் நினைக்காதீர்கள், அந்தப் பாலைக் குடிப்பது நம் வீட்டுப் பிள்ளைகள். மக்காச்சோளத்தில் வேறொரு பூசணம் வரும். அதற்கு அடையாளமாக, போன ஈற்றில் பிறந்த பெண்குட்டிகளின் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பூசணம் பிடித்த சரக்கை விலை குறைத்து, 'பன்றிக்குத்தானே' என்று தள்ளிவிடும் வியாபாரியிடம் இனி வாங்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, மரப்பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

டானிக் காசில் தாது உப்புக்கலவை வாங்கி 100 கிலோ தீவனத்துக்கு 2 கிலோ கலந்தால் போதும். இப்போது நாளுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். சினையில் கொழுத்த பன்றி ஈன்ற பிறகு சரியாகத் தின்னாது. 90ஆம் நாளிலிருந்து அரைக் கிலோ கூட்டுங்கள். ஈன்றபின் படிப்படியாக ஏற்றி, ஒரு வாரத்தில் தாய்க்கு 2 கிலோ, பால் குடிக்கும் குட்டி ஒன்றுக்கு அரைக் கிலோ என்ற கணக்குக்கு வந்துவிடுங்கள். தொட்டியில் தண்ணீர் வற்றவே கூடாது.

கழிச்சலுக்கு வேறு கிருமியும் காரணமாக இருக்கலாம். இந்த ஈற்றில் குட்டி இறந்தால் புதைக்காமல் அன்றைக்கே புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த மூட்டையிலிருந்து ஒரு பிடிப் புண்ணாக்கும் கையோடு எடுத்துப் போங்கள்.