குட்டி போடாத கற்றாழை

கேள்வி: ஆறு வருஷத்துக்கு முன் ஏற்காட்டில் வாங்கி வந்த கற்றாழை ஒன்று எங்கள் தோட்டத்தில் நிற்கிறது. முட்டைக்கோஸ் மாதிரி உருண்டையாக இருக்கும். பச்சை இலையில் சுண்ணாம்பால் இழுத்தது போல வெள்ளைக் கோடுகள், நுனியில் கறுப்பு முள். பக்கத்தில் வைத்த சோற்றுக்கற்றாழை ஏகப்பட்ட குட்டி போட்டுவிட்டது. இது ஒன்றுகூடப் போடவில்லை. செடியில் ஏதாவது குறையா அம்மா? மழைக்குப் பிறகு அடி இலை இரண்டு மஞ்சளாகியும் விட்டது.
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: குறை ஒன்றும் இல்லையம்மா. நீங்கள் சொல்லும் அடையாளத்துக்கு அது அகேவ் என்ற இனத்தைச் சேர்ந்த, விக்டோரியா மகாராணியின் பெயர் வைத்த செடி. 1875-ல் வைத்த பெயர். சொந்த ஊர் மெக்சிகோவின் வடகிழக்கு, அங்கே சுண்ணாம்புப் பாறைச் சரிவில் வளரும். இந்த வகையில் பெரும்பாலான செடிகள் குட்டி விடாமல் ஒற்றையாகவே இருக்கும். சோற்றுக்கற்றாழைக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு, குடும்பமே வேறு. ரயில் பாதை ஓரம் வேலியாக நிற்கிறதே ஆனைக்கற்றாழை, அதுதான் இதற்குச் சொந்தம். அது குட்டி விட்டுக்கொண்டே போகும்.

நடுக்குருத்தைத் துளைத்தால் பக்கத்தில் குட்டி வரும் என்று யாராவது சொல்வார்கள். வரலாம்தான். ஆனால் அந்த உருண்டை அழகு அதோடு போய்விடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மஞ்சள் இலையைத் தொட்டுப் பாருங்கள். காகிதம் போலக் காய்ந்திருந்தால் வயதான இலை, விட்டுவிடலாம். கொழகொழவென்று நாற்றம் அடித்தால் அழுகல். இங்கே ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் என் வீட்டில் இதே செடியைக் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் வைத்துவிட்டேன். மழையும் பனிமூட்டமுமாக ஒரு மாதம் போனது. ஒரு நாள் காலையில் நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது. ஒன்பது வருஷம் வளர்த்த செடி. இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன், உங்கள் செடியை ஒரு அடி மேடு கட்டி அதன் மேல் நட்டுவிடுங்கள். செம்மண் ஒரு பங்கு என்றால் ஆற்று மணலும் பொடி ஜல்லியும் சேர்ந்து இரண்டு பங்கு. சாணி எரு ஒரு கைப்பிடி போதும். இடம் மாற்றும்போது கையுறை போடுங்கள், அகேவ் சாறு சிலருக்குத் தோலில் பட்டால் அரிக்கும். நட்ட பின் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். அப்புறம் சேலத்து வெயிலில் பத்து நாளைக்கு ஒருமுறை, மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். மழைக்காலத்தில் ஊற்றவே வேண்டாம். குழந்தைகள் ஓடும் வழியிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி இருக்கட்டும்.

இது பூக்க இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். ஆள் உயரத்தைத் தாண்டித் தண்டு கிளம்பும், பூத்து முடிந்ததும் செடி காய்ந்துவிடும். குட்டி இல்லாததால் விதைதான் அதன் வாரிசு. தண்டு தலை காட்டினால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், மலை இறங்கி வந்து பார்க்கிறேன்.