நானோ துகள் சிகிச்சை வரும் வரை ரேடியேஷனைத் தள்ளிப்போடலாமா?

வேண்டாம். ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி, டாக்டர் 35 சிட்டிங் சொல்லியிருக்கிறார், தங்க நானோ துகளால் (கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்) பக்கவிளைவே இல்லாமல் சரிசெய்கிறார்களாமே, அதற்குக் காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இதே கேள்வி எங்கள் வீட்டில் ஐந்து நாளைத் தின்றது. அதற்குக் காரணம் நான்தான்.

அப்பாவுக்கும் தொண்டைதான், அதே 35 சிட்டிங். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் பிடித்து மாஸ்க் செய்வார்கள், தினமும் அதைப் போட்டுத் தலை அசையாமல் மேஜையோடு சேர்த்துப் பூட்டுவார்கள். வெளியே வரும்போது நெற்றியிலும் கன்னத்திலும் வலைக்கண் அப்படியே பதிந்திருக்கும். மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். நான்காவது வாரம் தண்ணீர் விழுங்கவே கண்ணில் நீர் வந்துவிடும், எச்சிலைக்கூடத் துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நிலையில் சித்தப்பா ஒரு செய்தியை அனுப்பினார். தங்க நானோ துகள் செலுத்திய புற்றுக்கட்டி எலிகளில் 86 சதவீதம் ஓராண்டு கடந்தும் உயிரோடு இருந்தன என்று. அதை அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியது நான்தான், தைரியம் வரட்டும் என்று. அவர் கேட்டுவிட்டு, "அப்போ இதை நிறுத்திட்டு அதையே பார்ப்போம்ப்பா" என்றார். மறுநாள் 20-வது சிட்டிங். வரமாட்டேன் என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆறாவது நாள் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. போய் உட்கார்ந்ததும் அங்கிருந்த மருத்துவ இயற்பியலாளர் (கதிரின் அளவைக் கணக்குப் போடுகிறவர்) என் போனை வாங்கிச் செய்தியைப் படித்துவிட்டு அந்த ஆய்வையே கணினியில் திறந்து காட்டினார். 2004-ல் வந்தது. துகள் 1.9 நானோமீட்டர். 86 சதவீதம் உண்மைதான், ஆனால் அந்த எலிகளுக்குத் தங்கத்தோடு எக்ஸ்ரே கதிரும் கொடுத்திருந்தார்கள். கதிர் மட்டும் கொடுத்தவற்றில் 20 சதவீதம் பிழைத்தன. தங்கம் மட்டும் கொடுத்தவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சித்தப்பா அனுப்பியதில் இந்தக் கடைசி வரி இல்லவே இல்லை. கிலோவுக்கு 2.7 கிராம் வரை தங்கம் ஏற்றியிருக்கிறார்கள், 60 கிலோ ஆளுக்குக் கணக்குப் போட்டால் 160 கிராமைத் தாண்டும். அவ்வளவு தங்கத்தை ரத்தத்தில் ஏற்றிவிட்டு என்ன ஆகும் என்று பார்க்க முடியுமா?

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தங்கம், ஹாஃப்னியம், கடோலினியம் மாதிரி உலோகங்களின் கனமான அணுக்கள் எக்ஸ்ரேயை நம் சதையைவிட அதிகமாக உறிஞ்சி, எலக்ட்ரான்களை ரொம்பக் குறுகிய தூரத்துக்குச் சிதறடிக்கும். அவை பக்கத்தில் இருக்கிற புற்றுச்செல்லின் டிஎன்ஏவை உடைக்கும். அதாவது அதே அளவு கதிர், துகள் இருக்கிற இடத்தில் மட்டும் கூடுதல் அடி. கதிர் படவில்லை என்றால் அது கட்டிக்குள் கிடக்கிற தூசிதான். இன்னொன்று, அந்த எலிகளுக்குக் கொடுத்தது குறைந்த ஆற்றல் எக்ஸ்ரே, தங்கம் அதைத்தான் நன்றாக உறிஞ்சும். ஆழத்தில் இருக்கிற கட்டிக்கு இன்றைய மெஷின்கள் கொடுக்கிற உயர் ஆற்றல் கதிரில் அந்த வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடும்.

உடனே ஒருவர் வந்து, நீ அறிவியலுக்கு எதிரி, நானோவே பொய் என்கிறாயா என்று கேட்பார். இல்லை. மனிதர்களிலேயே சோதித்திருக்கிறார்கள். ஹாஃப்னியம் ஆக்சைடு துகளைக் கட்டிக்குள் ஒரே ஒரு ஊசியாகப் போட்டு, பிறகு வழக்கமான 25 சிட்டிங் ரேடியேஷன், பிறகு அறுவை சிகிச்சை. கை, கால், உடல் பகுதியில் வருகிற சார்கோமா (தசை, கொழுப்பு மாதிரி மென்திசுவில் வருகிற புற்று) நோயாளிகள் 180 பேரைச் சேர்த்த ஆய்வு, 2019-ல் வெளிவந்தது. வெட்டியெடுத்த கட்டியில் உயிருள்ள புற்றுச்செல் ஏறக்குறைய இல்லை என்ற நிலை, துகள் போட்டவர்களில் 16 சதவீதம், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 8 சதவீதம். இரு மடங்கு, உண்மையிலேயே நல்ல செய்தி. ஐரோப்பாவில் அந்த வருடமே அனுமதியும் கிடைத்தது. ஆனால் அங்கேயும் யாருக்கும் ரேடியேஷனைக் குறைக்கவில்லை பாருங்கள். கட்டியிலேயே நேராக ஊசி போடுவதற்கும் காரணம் இருக்கிறது. பத்து வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் பார்த்தபோது, ரத்தத்தில் செலுத்திய நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்வது நடுத்தரமாக 0.7 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பங்கு ஈரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடும். வாயில் ஊற்றிக்கொள்கிற "நானோ தங்கச் சொட்டு" என்று விற்கிறார்களே, அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும், விட்டுவிடுகிறேன்.

அந்த ஐந்து நாளுக்கு வருகிறேன். தொண்டைப் புற்றில் நான்காவது வாரத்துக்கு அப்புறம் மிச்சமிருக்கிற செல்கள் வேகமாகப் பெருக ஆரம்பிக்குமாம். சிகிச்சை நீள்கிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டி கட்டுப்படுகிற வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் குறையும் என்றார் அந்த இயற்பியலாளர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விட்டதை ஈடுகட்ட, அதற்கப்புறம் சில நாட்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தார்கள், ஏற்கெனவே புண்ணாயிருந்த அதே தொண்டைக்கு. அப்பா ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து நோயாளியின் முகத்துக்கு நேரே "என்ன இப்படி இளைச்சுட்டீங்க" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டபிறகு அப்பா கண்ணாடி பார்ப்பதையே நிறுத்திவிட்டார். வந்தால் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போங்கள், போதும்.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், வாய் வறட்சி மட்டும் போகவில்லை, எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில் கையில் இருக்கும். ஆனால் இதை வைத்து ஐந்து நாள் விட்டால் ஒன்றும் ஆகாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அம்மாவுக்கு நானோ துகள் ஆய்வு ஏதாவது பொருந்துமா என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேளுங்கள், ஏனென்றால் அந்த ஊசியை முதல் சிட்டிங்குக்கு முன்னால்தான் போடுவார்கள். இல்லை என்று சொன்னால் அதே நாளில் மாஸ்க் செய்யக் கூட்டிக்கொண்டு போங்கள். பல் டாக்டரை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், விழுங்க முடியாமல் போனால் குழாய் வழியாக உணவு கொடுப்பது பற்றியும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைப் பேசவில்லை, அந்த நான்காவது வாரம் அதனால்தான் அவ்வளவு கொடுமையாக இருந்தது.