அப்பாவின் ராணுவப் பதிவேட்டை யார் கேட்பது?

கேள்வி: ஈசூனில் வசிக்கும் நான் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவள். இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டையும் இருக்கிறது. இந்திய ராணுவத்தில் 1966-ல் சேர்ந்து 1992-ல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்ற என் அப்பா காலமாகிவிட்டார். 1971 போரில் எங்கே இருந்தார், என்னென்ன பதக்கங்கள் பெற்றார் என்று அறிய, அவருடைய முழுப் பணிப்பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். குடிமக்கள் மட்டுமே கேட்க முடியும் என்று மறுத்துவிட்டார்கள். அம்மாவும் தம்பியும் கோவையில், இந்தியக் குடிமக்களாகவே இருக்கிறார்கள். சிங்கப்பூர்ச் சட்டத்தில் வழி உண்டா?

பதில்: பெற்ற மகளுக்கே இல்லை என்று சொன்னது உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் அந்த மறுப்பு சட்டப்படி சரிதான். இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம், 3-ஆம் பிரிவில், இந்த உரிமையைக் குடிமக்களுக்குத்தான் தருகிறது. ஓசிஐ அட்டை குடியுரிமை ஆகாது. இதை எதிர்த்து மேல்முறையீடு செய்து மாதங்களைக் கழிக்காதீர்கள்.

சிங்கப்பூரில் இதுபோன்ற தகவல் உரிமைச் சட்டமே கிடையாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று நினைக்கலாம். அது அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. எப்படியும் நீங்கள் தேடும் காகிதங்கள் இருப்பது இந்தியாவில்.

அதனால் அம்மா கேட்கட்டும். உங்களிடம் உள்ள வலுவான ஆதாரம், அவர் அப்பாவின் மனைவி என்பதுதான். தம்பி விண்ணப்பத்தைத் தயாரிக்கலாம், கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும்.

முதலில் ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம்) வேண்டாம், சாதாரணக் கடிதம் போதும். 'என் கணவரின் பணி விவரங்கள் வேண்டும்' என்று எழுதி, இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணை, அம்மாவின் அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அப்பாவின் ஐசி எண், அதாவது ராணுவ அதிகாரி என்ற முறையில் அவருக்குத் தந்த தனி எண், கட்டாயம் இருக்க வேண்டும். ஓய்வூதிய ஆணையில் கிடைக்கும். எங்கே அனுப்புவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஜவான்கள், ஜேசிஓக்கள் (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்) ஆகியோரின் பதிவேடுகள் அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்ட் ஆபீசில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியிலுள்ள வெலிங்டன். உங்கள் அப்பா போன்ற அதிகாரிகளுடையது டெல்லி ராணுவத் தலைமையகத்தில், அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையில். கோவையிலேயே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கடிதம் எழுத அங்கேயே உதவி கேளுங்கள். அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் சிக்கல் ஏதும் இருந்தால் அதையும் அங்கே சொல்லலாம்.

சரி, பதில் வரவில்லை அல்லது பாதிதான் வந்தது என்றால், அப்புறம் ஆர்டிஐ. கட்டணம் 10 ரூபாய், மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்திலேயே கட்டலாம். 'முழுப் பதிவேடு' என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லுக்குள் மருத்துவக் குறிப்பு, ஆண்டு ரகசிய அறிக்கை எல்லாம் வந்துவிடும்; ஒன்றைக் காட்டி மொத்தத்தையும் மறுப்பார்கள். கமிஷன் பெற்ற (அதிகாரியாக நியமனமான) தேதி, பணியாற்றிய படைப்பிரிவுகளும் காலமும், பதவி உயர்வுகள், பதக்கங்கள், ஓய்வு ஆணையின் நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவு சொல்கிறது. இருந்தாலும் உறவைச் சொல்லிவிடுங்கள், அது உதவும்.

மறுப்பு வந்தால் பெரும்பாலும் 8(1)(ஜே), அதாவது தனிப்பட்ட தகவல் என்ற பிரிவில்தான் வரும். 2012-ல் உச்ச நீதிமன்றம் ஊழியரின் பணி விவரங்களைத் தனிப்பட்ட தகவல் என்றது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பிரிவை மேலும் இறுக்கியது. ஆனால் அந்த வழக்கில் கேட்டவர் வெளியாள். உங்கள் அம்மா அப்படியல்ல.

அதைவிட முக்கியமானது 8(3), பலர் கவனிக்காமல் விடும் பிரிவு. விண்ணப்பத் தேதிக்கு 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவை பற்றிய தகவலைத் தர வேண்டும் என்கிறது. நாட்டுப் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணம் ஆகிய மூன்று விலக்குகள் மட்டுமே அப்போதும் நிற்கும். தனிப்பட்ட தகவல் அந்த மூன்றில் இல்லை. அப்பா ஓய்வு பெற்றதே 1992-ல் என்பதால் அவருடைய பணிக்காலம் முழுவதும் இதற்குள் வருகிறது. விண்ணப்பத்திலேயே 8(3)-ஐக் குறிப்பிடுங்கள். 1971 விஷயத்தில் பாதுகாப்பு என்று சொன்னால், அந்த வரிகளை மட்டும் மறைத்து மீதியைத் தரும்படி 10-ஆம் பிரிவில் கேளுங்கள். அப்பா எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதை இத்தனை காலம் கழித்து மறைக்க நியாயமான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அது மறுப்பாகவே கருதப்படும். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீரவில்லை என்றால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். கெடு தவறினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நிற்க வேண்டிவரும். ஆகவே பதிவு எண்களையும் தேதிகளையும் தம்பி ஒரு நோட்டில் குறித்து வரட்டும். அம்மாவின் கடிதம் இந்த வாரமே போகட்டும்.