காட்ஸில்லா பொம்மையாகத் தெரிவது எங்கே, ஏன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் திரைப்படக் குழுவில் 1954இல் வந்த முதல் காட்ஸில்லா படத்தைத் திரையிட்டோம். வந்தவர்களில் பலர் 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தை ஏற்கனவே பார்த்தவர்கள். படம் முடிந்ததும் பெரிய விவாதமாகிவிட்டது. “ரப்பர் உடை மாட்டிய ஆள் பொம்மை வீடுகளை மிதிக்கிறார், இதற்கா இத்தனை புகழ்?” என்றார் ஒருவர். “மிருகம் வருவதே கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் பேச்சு” என்றார் இன்னொருவர். வயதில் மூத்த ஒருவர், தான் சிறுவயதில் பார்த்தது இந்தப் படமே இல்லை, அதில் ஒரு அமெரிக்க நிருபர் கதை சொல்வார் என்றார். யாருக்கும் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்து மைனஸ் ஒன் திரையிட இருக்கிறோம். பார்வையாளர்களிடம் எதைக் கவனிக்கச் சொல்லலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மூத்தவர் சொன்னது சரிதான். 1954 நவம்பர் 3 அன்று ஜப்பானில் வெளியான படம் 96 நிமிடம். அமெரிக்க விநியோகஸ்தர்கள் அதை வாங்கி வெட்டினார்கள். ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக்கிப் புதிய காட்சிகளை எடுத்து நடுநடுவே செருகினார்கள். 1956இல் 80 நிமிடப் படமாக வெளியிட்டார்கள். ஜப்பானுக்கு வெளியே பல நாடுகளுக்குப் போனது இந்த வடிவம்தான். மூலப்படம் வெட்டில்லாமல் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓடியது 2004இல், ஐம்பது ஆண்டுகள் கழித்து.

எதை வெட்டினார்கள் என்பதுதான் முக்கியம். மூலத்தில் ஒரு ரயில் காட்சி உண்டு. வேலைக்குப் போகும் இளம்பெண் ஒருத்தி செய்தித்தாளைப் பார்த்துவிட்டு அலுத்துக்கொள்கிறாள். கதிர்வீச்சு பட்ட மீன், கதிரியக்க மழை, இப்போது காட்ஸில்லா வேறு என்கிறாள். நாகசாகியில் தப்பிப் பிழைத்து வந்தவள் தான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறாள். அமெரிக்க வடிவத்தில் அது இல்லை. மூலத்தின் முடிவில் விஞ்ஞானி யமானே, அணுகுண்டுச் சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா எங்காவது தோன்றும் என்று எச்சரிக்கிறார். அந்த இடத்தில் அமெரிக்க வடிவம் உலகம் பிழைத்துக்கொண்டது என்று நிம்மதி சொல்லி முடிக்கிறது. அதைப் பார்த்தவர்கள் ‘நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான்’ என்று சொன்னால் அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்களுக்குக் கிடைத்த படம் அது. எனவே இந்தப் படத்தைப் பற்றி யார் கருத்து சொன்னாலும் எந்த வடிவத்தைப் பார்த்தார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து பொம்மை விவகாரம். ‘பொம்மை மாதிரி இருக்கிறது’ என்பதோடு நிறுத்தினால் விமர்சனம் பாதியில் நிற்கிறது. எந்த ஷாட், ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லவும் முடியும், ஏனென்றால் இதில் கணக்கு இருக்கிறது.

சிறப்புக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா, ‘கிங் காங்’ போலப் பொம்மையை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எடுக்கத்தான் விரும்பினார். அதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால் உடைக்குள் ஆளை இறக்கினார். கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். உடையின் உயரம் ஏறக்குறைய 2 மீட்டர். ஆக டோக்கியோவை 25இல் ஒரு பங்காகக் கட்டினார்கள். ஜப்பான் நாடாளுமன்றக் கட்டடத்தை மட்டும் 33இல் ஒரு பங்காகக் குறைத்தார்கள், அதன் முன்னால் மிருகம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக.

அளவைக் குறைத்தால் மட்டும் போதாது, நேரத்தை நீட்டவும் வேண்டும். 50 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழ 3.2 விநாடி ஆகும். 2 மீட்டரிலிருந்து விழ 0.64 விநாடி போதும். ஐந்து மடங்கு வித்தியாசம், அதாவது 25இன் வர்க்கமூலம். செட்டில் இடியும் சுவர் நிஜக் கட்டடம் போல விழ வேண்டுமானால் விநாடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 120 ஃபிரேம் எடுத்து, 24இல் ஓட்டிக் காட்ட வேண்டும். இதைக் குறைத்துக்கொண்டால் இடிபாடுகள் சடசடவென்று விழுந்துவிடும். பார்ப்பவருக்குக் கணக்கு தெரியாது, ஆனால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

ஃபிரேம் ஐந்து மடங்கானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஐந்தில் ஒன்று. அத்தோடு சின்ன மாதிரியைக் கிட்டத்தில் படம்பிடித்தால் முன்னால் இருப்பது தெளிவாகவும் பின்னால் இருப்பது கலங்கலாகவும் வரும். நிஜ நகரத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும்போது அப்படித் தெரியாது. ‘இது மேசைமேல் வைத்த பொருள்’ என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் கலங்கல்தான். அதைத் தவிர்க்க லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்; எஃப் 2.8இலிருந்து எஃப் 11க்குப் போனால் வெளிச்சம் பதினாறில் ஒரு பங்காகிறது. இரண்டையும் பெருக்கினால் வழக்கத்தைவிட 80 மடங்கு விளக்கு வேண்டும். அவ்வளவு விளக்குக்கு அடியில், மூங்கில், கம்பிவலை, பஞ்சு, லேடெக்ஸ் ரப்பர் எல்லாம் சேர்ந்த உடைக்குள் நடிகர் ஹருவோ நகாஜிமா நின்றார். முதலில் செய்த உடை 100 கிலோவுக்கு மேல் இருந்ததால் நடக்க முடியவில்லை. அதை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியைத் தோள்வாரில் மாட்டிக் கால்களை மட்டும் காட்டும் ஷாட்டுகளுக்குப் பயன்படுத்தினார்கள். புதிதாகச் செய்த எடை குறைந்த உடையிலும் மூன்று நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது சிரமமாக இருந்தது. காட்ஸில்லாவின் அந்தக் கனத்த, நிதானமான நடையில் கேமரா வேகத்துக்கும் பங்குண்டு, உடையின் எடைக்கும் பங்குண்டு.

கட்டடங்களையும் பாருங்கள். மெல்லிய மரச்சட்டத்தில் பிளாஸ்டரும் சுண்ணத்தூளும் கலந்து பூசி, இடிய வேண்டிய இடத்தில் முன்கூட்டியே கீறல் போட்டு வைத்தார்கள். கீறல் போடாவிட்டால் சுவர் பெரிய பெரிய பாளமாக உடையும், அப்போது அளவு தெரிந்துவிடும். எரிய வேண்டியவற்றின் மேல் பெட்ரோல் தெளித்தார்கள். மின்கோபுரங்களை மெழுகில் செய்து சூட்டில் உருக்கினார்கள். வெண்சூட்டில் இரும்பு வளைவது போன்ற அந்த ஷாட் இன்றும் நிற்கிறது.

அப்படியானால் எங்கே நிற்கவில்லை? தீயணைப்பு வண்டி கவிழும் ஷாட் பொம்மையாகவே இருக்கிறது. வண்டிக்கு எடை இல்லை, அதனால் துள்ளிப் புரள்கிறது. ஜெட் விமானங்கள் தாக்கும் காட்சியும் பலவீனம். தலையை மட்டும் காட்டும் சில இடங்களில் உடைக்குப் பதில் கைப்பொம்மையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அங்கே முகமே மாறிவிடுகிறது. கடல் வரும் இடங்களும் அப்படித்தான். மரத்தையும் பிளாஸ்டரையும் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. தொட்டியில் தெறிக்கும் துளி, திரையில் குடம் அளவு தெரியும். நெருப்புக்கும் இதே சிக்கல். இவற்றைக் குறையென்று சொல்பவரோடு எனக்கு வாதம் இல்லை.

கேமரா உயரம் சரியாக அமைந்த இடங்களில் படம் வேறாகிவிடுகிறது. தெருவில் நிற்கும் மனிதனின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் என்றால், 25இல் ஒரு பங்கு செட்டில் அது 6.4 செ.மீ. கேமரா தரையோடு தரையாகப் படுத்தால்தான் நாம் அந்தத் தெருவில் நிற்கிறோம். கொஞ்சம் உயர்ந்தால் மாடியிலிருந்து மாதிரி நகரத்தைக் குனிந்து பார்க்கிறோம். உங்கள் நண்பருக்குப் பொம்மை என்று தோன்றிய ஷாட்டுகளைத் திரும்பப் போட்டு இந்த ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ‘மிச்சமெல்லாம் பேச்சு’ என்ற குறை. இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், டைகோ ஃபுகுர்யூ மாரு என்ற சூரைமீன் படகின் மேல் கொட்டியது. படகில் 23 பேர். படகின் வானொலித் தொடர்பைக் கவனித்துவந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். ஆறு வாரம் கழித்துப் படம் வெளியானது. அது தொடங்குவதே கடலில் ஒரு வெளிச்சம் வெடித்துக் கப்பல் எரிவதில்தான். இயக்குநர் இஷிரோ ஹோண்டா போரிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ணால் கண்டவர்.

அந்தப் பேச்சுக்குள் என்னென்ன இருக்கிறது பாருங்கள். டோக்கியோவின் கின்சா பகுதியில் கட்டடத்தடியில் குழந்தைகளை அணைத்து உட்கார்ந்திருக்கும் தாய், சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். அப்பா போரில் இறந்தவர் என்று படம் விளக்காது, 1954இன் பார்வையாளருக்கு விளக்கத் தேவையும் இல்லை. மறுநாள் மருத்துவமனையில் ஒரு குழந்தையின் அருகே கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை வைத்துப் பார்த்தவர் தலையை அசைக்கிறார். இதெல்லாம் இல்லாமல் அழிவுக் காட்சியை மட்டும் நீட்டியிருந்தால் கட்டடம் இடிவது மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அன்றைய ஜப்பானிய விமர்சகர்கள் சிலர், நாட்டின் துயரத்தைக் காசாக்குகிறார்கள் என்று இந்தப் படத்தின் மேல் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். படம் எதைத் தொடுகிறது என்று தெரிந்து பேசியவர்கள் அவர்கள்.

மைனஸ் ஒன்னுக்கு வருவோம். இயக்கமும் கிராபிக்ஸ் மேற்பார்வையும் தகாஷி யமசாகி. 610 கிராபிக்ஸ் ஷாட்டுகளைச் சுமார் 35 பேர் செய்தார்கள். 2024இல் அதற்கு ஆஸ்கர் கிடைத்தது. சுபுராயாவைத் தோற்கடித்த கடலைத்தான் இந்தக் குழு கையில் எடுத்தது. மரப்படகைக் காட்ஸில்லா துரத்தும் காட்சியில் படகை நிஜக் கடலில் ஓட்டி எடுத்து, மிருகத்தையும் அது கிழிக்கும் அலையையும் கணினியில் சேர்த்தார்கள். பகல் வெளிச்சத்தில், மறைக்க இருட்டு இல்லாமல். நுரை எவ்வளவு பொடியாக, எவ்வளவு மெதுவாக அடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கின்சா. காட்ஸில்லாவின் கதிர் பாய்ந்ததும் அழுத்த அலை வெளிநோக்கி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறது, பிறகு காற்று உள்நோக்கித் திரும்பி இழுக்கிறது, காளான் மேகம் எழுகிறது, கறுப்பு மழை பெய்கிறது. அணுகுண்டு வெடிப்பின் வரிசை இதுதான். வெறும் வெடிப்பாகக் காட்டாமல் வரிசை பிசகாமல் காட்டியிருப்பதால்தான் 1954 படத்தின் வாரிசு என்று இதைச் சொல்லலாம்.

முடிவு பற்றி உங்கள் குழுவில் கட்டாயம் சண்டை வரும். அந்த வெடிப்பில் போனதாக நாம் நினைத்த நாயகி நோரிகோ உயிரோடிருப்பது எனக்கு ஒட்டவில்லை. அத்தனை துல்லியமாகக் காட்டிய வெடிப்பின் விலையை அது குறைத்துவிடுகிறது. அவள் கழுத்தில் ஊரும் கறுப்புத் தடத்தை வைத்து இதை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஷாட்டை நிறுத்திக் காட்டிப் பேசவிடுங்கள்.

கடைசியாக ஒலி. பழைய படத்தின் கர்ஜனையை இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, கான்ட்ராபாஸ் என்ற பெரிய நரம்பிசைக் கருவியின் நரம்பைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் உரசி, பதிவின் வேகத்தைக் குறைத்து உருவாக்கினார். மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலி வராது. மைனஸ் ஒன்னில் மிருகத்தின் எடையில் பாதி அந்தத் தாழ்ந்த ஒலியில்தான் இருக்கிறது. திரை சிறியதானாலும் பரவாயில்லை, நல்ல வூஃபர் உள்ள ஸ்பீக்கரை வாடகைக்காவது எடுத்து, கூட்டம் வரும் முன்பே கின்சா காட்சியைப் போட்டு ஒலி அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.