அப்பாவுக்கு வந்த குளுக்கோமா எங்களுக்கும் வருமா?

கேள்வி: டொக்டர், எனக்கு 43 வயது. அப்பாவுக்குக் குளுக்கோமா என்று கண்டுபிடித்தபோது ஒரு கண் முழுதாகப் போய்விட்டது. எனக்கும் அண்ணாவுக்கும் வருமா? அண்ணாவுக்கு 47 வயது, வயல் செய்கிறார். வெள்ளாமை வெட்டில் தூசி பட்டுக் கண் சிவந்தால் பாமசியில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வார். இருவருக்கும் பார்வை நல்லாத்தான் இருக்கிறது.
- வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: மகள், குளுக்கோமா என்பது கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு தேயும் நோய், பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதால் வரும். முதலில் அண்ணாவின் மருந்துப் போத்தலை எடுத்துப் பாருங்கள். டெக்ஸாமெதசோன், பெட்டாமெதசோன், பிரெட்னிசலோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீரொயிட். சிவப்பைச் சட்டென்று எடுத்துவிடும், அதனால்தான் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி தடைப்பட்டு அழுத்தம் ஏறும். வலி தெரியாது. குளுக்கோமாக்காரரின் பிள்ளைகளுக்கு அப்படி ஏறும் வாய்ப்புக் கூட. நெல்லுமி கீறிய கண்ணில் பூஞ்சை பிடித்திருந்தால், அதே மருந்து புண்ணையும் பெருப்பிக்கும். எனக்குப் பெரிய பயம் இந்தப் போத்தலில்தான்.

வருமா என்று கேட்டீர்கள். கட்டாயம் வரும் என்றில்லை. ஆனால் தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களைவிடப் பல மடங்கு ஆபத்து உண்டு. 40 வயது தாண்டினால் அது இன்னும் கூடும். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுகிறவர்கள், சீனி வருத்தக்காரர், கண்ணில் எப்போதோ பலமாக அடிபட்டவர்கள் எல்லோரும் இதற்குள் வருவார்கள். தூரப்பார்வை உள்ள பெண்களுக்கு வேறொரு வகை திடீரென்று வரலாம். கண் சிவந்து கடுமையாக வலிக்கும், சத்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். அதைத் தலையிடி என்று பனடோல் போட்டுப் படுக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பார்வை நல்லாத்தான் இருக்கிறது என்கிறீர்கள். என் அக்காவும் அப்படித்தான் சொன்னா. கல்லடிப் பாலத்தில் பக்கத்தால் வந்த சைக்கிள் தெரியாமல் இடிபட்டு விழுந்தா. அப்போது அவவுக்கு 58 வயது, பேப்பர் படிப்பா, ஊசியில் நூல் கோர்ப்பா. ஓரப்பார்வை மட்டும் அரைவாசிக்கு மேல் போயிருந்தது. அம்மாவுக்கு இந்த நோய் இருந்தது எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கண் பார்த்த நான், அக்காவை ஒருநாளாவது கதிரையில் இருத்திப் பார்க்கவில்லை. போன பார்வையைத் திருப்பிக் கொடுக்க மருந்து இல்லை, மிச்சத்தைத்தான் காப்பாற்றினோம். இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு உங்களுக்கு மட்டக்களப்பு தூரமில்லை. போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்கு இருவரும் போங்கள். அப்பாவின் நோயை வாய்விட்டுச் சொல்லுங்கள். கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துக் காட்டுவது போதாது. கண் அழுத்தம் அளக்க வேண்டும், சாதாரணமாக அது 10 முதல் 21 மில்லிமீற்றர் இரசத்துக்குள் (mmHg) இருக்கும். அளவு சரியாக இருந்தும் நரம்பு தேய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே மருந்து விட்டுக் கண்மணியை விரித்து நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரியும், அண்ணா மோட்டார் சைக்கிளில் போகாமல் பஸ்ஸில் போகட்டும். அந்தப் போத்தலையும் மறக்காமல் கையில் கொடுத்துவிடுங்கள்.