செக் எஞ்சின் லைட்: அழிக்கும் முன் எழுதி வையுங்கள் (கேள்வி பதில்)

வந்த கேள்விகளில் என் கைக்குப் பழகிய பெட்ரோல் எஞ்சின் விஷயங்களை எடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: ஸ்கேனரில் (எஞ்சின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு நம்பரைக் காட்டும் கருவி) எரர் கோட் தெரிந்தால் உடனே அழிக்காதீர்கள். நம்பரை எழுதி வையுங்கள், கூடவே வரும் ஃப்ரீஸ் ஃபிரேமையும். அந்தக் கோட் விழுந்தபோது வண்டி என்ன வேகம், எத்தனை ஆர்பிஎம், எஞ்சின் சூடேறியிருந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும்.

கே: செக் எஞ்சின் லைட் மஞ்சளாக எரிகிறது. ஓட்டத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வேலைக்குப் போய் வரலாமா?

ப: மினுக்காமல் நிலையாக எரிந்தால் போய் வரலாம், ஆனால் சீக்கிரம் ஸ்கேனர் மாட்டிப் பாருங்கள். மினுக்கினால் ஓட்டாதீர்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது. அது எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்; உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். சிவப்பு ஆயில் லைட் எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள்.

கே: பி0302. ஐடிலிங்கில் வண்டி உதறுகிறது. நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள்.

ப: பொறுங்கள். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை, அவ்வளவுதான். காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் தருவது) போய்விட்டது என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இருக்கிற வண்டி என்றால் செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டாவது காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டுங்கள். நம்பரை எழுதி வைத்த பிறகு அழித்து, ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான், அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பி0302 அங்கேயே நின்றால் அதே மாதிரி பிளக்கை இடம் மாற்றுங்கள்.

பிளக்கைக் கழற்றும்போது அதன் வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் இழுத்த மாதிரி மெல்லிய கருப்புக் கீறல் மேலிருந்து கீழாக ஓடினால், தீப்பொறி முனைக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே கசிகிறது. அப்போது பிளக்கையும் காயிலின் ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் பழைய பூட் புது பிளக்கையும் கெடுக்கும். பிளக் குழியில் ஆயில் நின்றால் வால்வு கவர் கேஸ்கெட்டைக் கவனியுங்கள். இதில் எதுவும் இல்லையென்றால் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) என்று பாருங்கள்.

கே: டீசல் வண்டி, டர்போ. மேட்டில் இழுக்கவில்லை, கரும்புகை வருகிறது.

ப: டர்போவிலிருந்து வரும் காற்று ஹோஸ் கழன்றிருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் டீசல் தெரிந்தவரிடம் காட்டுவதுதான் நல்லது.

கே: பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினால் லைட் போய்விடுமா?

ப: பல வண்டிகளில் லைட் போகும், கோளாறு போகாது. ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து அழியும்.

கே: பி0171. ஆக்ஸிஜன் சென்சாரை இரண்டு தடவை மாற்றிவிட்டேன். சில நாளில் மறுபடி எரிகிறது. காலையில் ஐடிலிங் ஏறி இறங்குகிறது.

ப: பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அதைக் கண்டுபிடித்துச் சொன்னதே எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜனை அளக்கும் அந்தச் சென்சார்தான். ஸ்கேனரில் ஃப்யூல் டிரிமைப் பாருங்கள்; கலவையைச் சரிக்கட்ட எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (+) அல்லது குறைக்கிறது (-) என்பதுதான் அந்த எண். ஐடிலிங்கில் +20 சதவீதம் போல இருந்து, 2500 ஆர்பிஎம்மில் +5க்குப் பக்கத்தில் இறங்கினால், எஞ்சினுக்குக் காற்று போகும் வழியான இன்டேக்கில் எங்கோ கணக்கில் வராத திருட்டுக் காற்று நுழைகிறது. வேகம் கூடும்போது மொத்தக் காற்றில் அந்தக் கசிவின் பங்கு குறைவதால் எண்ணும் இறங்குகிறது. எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் வளைவில் விரலை விட்டுத் தடவுங்கள், வெடிப்பு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்தான் இருக்கும். மாறாக, வேகம் கூடக் கூட எண் ஏறினால் ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்கு, ஃப்யூல் பம்ப், ஃபில்டர் என்று தேடுங்கள்.

இதைப் படித்துவிட்டு ஒரு மெக்கானிக் எழுதினார்: “அண்ணே, நான் இருபது வருஷமாக பி0171க்கு சென்சார்தான் மாற்றுகிறேன். லைட் அணைந்துதான் போகிறது.”

தம்பி, சென்சார் மாற்றியதும் கோட் நம்பரையும் அழிக்கிறீர்கள் இல்லையா? லைட் அணைந்தது அதனால். டிரிம் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி ஏற வேண்டும். பிறகும் பெரும்பாலான வண்டிகள் இரண்டு ஓட்டத்தில் கோளாறை உறுதி செய்த பிறகே லைட்டைப் போடும். அதற்குள் வண்டி உங்கள் பட்டறையை விட்டுப் போயிருக்கும். மேலே கேட்டவர் இரண்டு சென்சார் வாங்கியது இப்படித்தான்.

அவர் விடவில்லை: “சென்சாரே தப்பாகச் சொன்னால்?”

நியாயமான கேள்வி. சொல்லலாம். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்றை இழுத்துத் தப்பாகச் சொல்லும். அதனால்தான் மாற்றும் முன் சோதிக்கச் சொல்கிறேன். பழைய வகைச் சென்சார் என்றால், சூடான எஞ்சினில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது 0.8 வோல்ட்டுக்கு மேல் ஏற வேண்டும்; ஒரு வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 0.2க்குக் கீழே விழ வேண்டும். இரண்டுக்கும் உடனே பதில் சொன்னால் சென்சார் நன்றாக இருக்கிறது. புது வண்டிகளில் இருக்கும் வைட்பேண்ட் சென்சாருக்கு இந்த எண்கள் பொருந்தாது.

கே: பி0420. கன்வெர்ட்டர் மாற்றத்தான் வேண்டுமா?

ப: பி0420 என்றால் கன்வெர்ட்டர் சரியாகச் சுத்தம் செய்யவில்லை என்று எஞ்சின் கம்ப்யூட்டர் நினைக்கிறது. எக்ஸாஸ்ட் கசிவையும் மிஸ்ஃபயரையும் முதலில் சரி செய்யுங்கள். மிஸ்ஃபயர் இருக்கும்போது புதுக் கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் கெடும்.

கே: லைட் எரிந்தது, பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், போய்விட்டது. இப்போது பிக்கப் இல்லை. எதனால்?

ப: என்ன கோட் இருந்தது? தெரியாது, அழித்துவிட்டீர்கள். இதே மாதிரி இன்னும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள், நாலு பேருக்கும் இதுதான் பதில்: லைட் மறுபடி எரியும் வரை ஓட்டுங்கள், நம்பரையும் ஃப்ரீஸ் ஃபிரேமையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

கே: பி0455, பெட்ரோல் போட்ட மறுநாள் வந்தது.

ப: பி0455 என்றால் டேங்கின் பெட்ரோல் ஆவி எங்கோ பெரிதாகக் கசிகிறது. டேங்க் மூடியை டிக் டிக் சத்தம் வரும்வரை திருகுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். லைட் சில நாள் ஓட்டத்தில் தானாக அணையும்.

பி0171காரர் இப்போதுதான் மறுபடி எழுதியிருக்கிறார்: ஐடிலிங்கில் +22, 2500 ஆர்பிஎம்மில் +4. பிசிவி ஹோஸின் அடிவளைவில் விரல் நகம் நுழையும் அளவு வெடிப்பு இருக்கிறதாம். ஹோஸை மாற்றிவிட்டு அதே இரண்டு எண்களையும் திரும்ப எடுத்து அனுப்புங்கள்.